ஒரே ஒரு லக்கேஜ் டிக்கெட்

பொள்ளாச்சி–பாலக்காடு தடத்தில் வேலை பார்க்கும் நடத்துனர்களுக்குச் சோதனைச் சாவடி புதிதல்ல. கோபாலபுரம் தாண்டினால் கேரளம். எங்கள் சித்தூர் வட்டத்தில் எக்சைஸ், அதாவது கலால் துறை, என்றால் முதலில் நினைவுக்கு வருவது கள்தான். இங்குள்ள தோப்புகளில் இறக்கும் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. அந்த பெர்மிட்டைப் பார்ப்பவர்களும் எக்சைஸ்காரர்களே. கஞ்சாவைத் தேடிப் பேருந்திலும் ஏறுவார்கள். அப்படி ஒரு சோதனையில் நான் அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டேன்.

அன்று அதிகாரி ஒவ்வொரு பயணியையும் அவரவர் சுமையைக் காட்டச் சொன்னார். எல்லோரும் காட்டி முடித்தபோது சுமை வைக்கும் தட்டில் ஒரு பெரிய கறுப்புப் பை மட்டும் மிஞ்சியது. ஜிப்பில் சிறு பூட்டு. யாருடையது என்று மூன்று மொழிகளில் கேட்டும் பதில் இல்லை. பிறகு என்னிடம் திரும்பினார்கள். அந்த நடையில் நான் கொடுத்தது ஒரே ஒரு லக்கேஜ் டிக்கெட். அதை வாங்கியவர் ஜன்னலோரம் இருந்தார். தனக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சேர்த்துப் பயணச் சீட்டு எடுத்தவரும் அவர்தான்.

உடனே சட்டைப் பையில் கைவிட்டுவிடவில்லை. உடலைச் சோதிப்பதானால் கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று இருவருக்கும் சொன்னார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 50ஆம் பிரிவு. பைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, ஆளுக்குத்தான். அதிகாரி ஒருவர் வந்து சேரும்வரை காத்திருந்தோம். மற்ற பயணிகளை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டேன், வசவு வாங்கிக்கொண்டு. முதல் ஆளின் சட்டைப் பையில் என் லக்கேஜ் டிக்கெட் இருந்தது. இடுப்புக் கயிற்றில் ஒரு சாவி. எங்கள் கண்முன் அந்தச் சாவியால் பூட்டைத் திறந்தார்கள். உள்ளே 11 கிலோ கஞ்சா. இரண்டாம் ஆளிடம் ஒரு கைப்பேசியும் கொஞ்சம் பணமும்தான் இருந்தன.

மகஸர், அதாவது கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம், மலையாளத்தில் எழுதப்பட்டது. நான் கொழிஞ்ஞாம்பாறையில் தமிழ்வழியில் படித்தவன்; மலையாளப் பலகைகளைப் படிப்பேன், அவசரக் கையெழுத்தைப் படிக்க மாட்டேன். வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டேன். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பின்னாளில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

வழக்கு விசாரணைக்கு வரச் சில வருடங்கள் ஆயின. சம்மன் கிடைத்ததும் அரசு வழக்கறிஞரைப் பார்த்தேன். "அந்த ஆள் அங்கேயே ஒப்புக்கொண்டாரே சார், கூலிக்குக் கொண்டுபோகிறேன் என்று. இன்னும் என்ன நிரூபிக்க வேண்டும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டதாம். அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆக, பையை அவர் தூக்கி வைத்ததை யாரும் பார்க்கவில்லை, அவர் சொன்னதும் செல்லாது. சீட்டும் சாவியும் மிஞ்சிய பையும்தான் பேச வேண்டும்.

பாலக்காட்டு நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி சொல்வதில் சிரமம் இருக்கவில்லை. சொன்னதை எழுதி, திரும்பவும் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்கள். முத்திரையிட்ட பொருள்களில் பையையும், அதில் ஒட்டியிருந்த தாளில் என் கையெழுத்தையும் அடையாளம் காட்டினேன். லக்கேஜ் டிக்கெட்டை உறையிலிருந்து எடுத்தபோதுதான் சிக்கல். டிக்கெட் மெஷின் தாள் அல்லவா? எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் துண்டாக இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து நீதிபதிக்குக் காட்டினார். நல்லவேளையாக, அன்றே எடுத்த நகல் மகஸருடன் இருந்தது. நடத்துனரின் கணக்குத் தாளான என் வே பில்லில் லக்கேஜ் பத்தியில் நான் எழுதிய '1' இருந்தது. மெஷின் பதிவுக்குப் பணிமனை எழுத்தர், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி, சான்றிதழ் கொடுத்திருந்தார். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 63ஆம் பிரிவு.

குறுக்கு விசாரணை நெடுநேரம் நடந்தது.

"பையை இவர் வைத்ததைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"வேறு யாரும் வைத்திருக்கலாம் அல்லவா?"

"வைத்திருக்கலாம். ஆனால் லக்கேஜ் டிக்கெட் வாங்கியவர் இவர் ஒருவர்தான்."

"அப்படியானால் பை இவருடையது என்கிறீர்கள்?"

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று வாய்வரை வந்தது. அது நான் பார்த்ததல்ல, நான் நினைத்தது. "டிக்கெட் வாங்கியதும் சாவியில் பூட்டு திறந்ததும் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். படிக்கத் தெரியாத மகஸரில் கையெழுத்திட்டேன் என்று காட்டவும் முயன்றார். தமிழில் கேட்டுத்தான் கையெழுத்திட்டேன் என்றேன். அந்தக் கேள்வி அத்துடன் முடிந்தது.

முதல் ஆளுக்கு 5 ஆண்டுக் கடுங்காவலும் அபராதமும் விதித்தார்கள். கஞ்சா 1 கிலோவுக்கு மேல், வணிக அளவான 20 கிலோவுக்குக் கீழ் என்றால் 10 ஆண்டுவரை விதிக்கலாம். இரண்டாம் ஆள் விடுதலை. பணிமனையில் பலருக்கு இது பொறுக்கவில்லை. ஒரே இருக்கையில் வந்தவனுக்குத் தெரியாதா என்றார்கள். எனக்குத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. ஒருவர் இன்னொருவருக்குச் சீட்டு எடுத்தால் இருவருக்கும் பழக்கம் என்பது தெரியும். பைக்குள் இருப்பது அவருக்கும் தெரியும் என்பதற்கு அது போதாது. பொருள் ஒருவர் வசம் இருந்தால் குற்ற எண்ணம் இருந்ததாக அனுமானிக்கச் சட்டத்தில் 35, 54 ஆகிய பிரிவுகள் உண்டுதான். ஆனால் அவர் வசம் இருந்தது என்ற அடிப்படையை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும் என்று 2008இல் நூர் ஆகா வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. சூழ்நிலைச் சாட்சியங்கள் குற்றத்தைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக்கூடாது என்பது 1984இன் சார்தா வழக்கிலிருந்து வரும் விதி. முதல் ஆளுக்கு அப்படி ஒரு விளக்கமும் இல்லை. மற்றவருக்கு இருந்தது: கூட வந்தார், அவ்வளவுதான்.

தண்டனை பெற்றவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறார். வே பில்லின் அசல் இன்னும் வழக்குக் கோப்பில்தான் இருக்கிறது. தணிக்கை வரும்போதெல்லாம் அதை ஒப்படைக்காததற்கு விளக்கம் கேட்டுப் பணிமனையிலிருந்து எனக்குக் கடிதம் வருகிறது. நானும் தீர்ப்பின் நகலை இணைத்துப் பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.