அம்மா கையில் கத்தி இல்லை

போன சனிக்கிழமை மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் குழுவின் ஓவியக் கண்காட்சி. ஒன்பது பேர், பதினேழு படங்கள், ஒரு வாடகைக் கூடம், இரண்டு தட்டு காத்தோ பிமா என்ற மிளகாய் வடை. தலைப்பு ‘மாற்றமும் தேர்வும்’. தேர்வு என்றாலே என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை ஞாபகம்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் வரைந்தது அம்மாவை. 2001-ல் இங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டால் கையில் ஒரு தொகை, கூடவே ஏழு பெர்ச் மனை. ஏழு பெர்ச் என்றால் ஏறக்குறைய 300 சதுர மீட்டர். அம்மா போட்டார். படத்தில் ரப்பர் பூட்ஸ், தலைத்துணிக்கு மேல் வைக்கோல் தொப்பி, கையில் கரும்பு வெட்டும் கத்தி, பின்னால் உச்சியில் பாறையைச் சுமந்துகொண்டு பீட்டர் போத் மலை. மூன்று மாத வேலை.

பக்கத்தில் ஒரு நண்பர் சட்டைக் கழுத்தில் தைக்கும் லேபிள்களை நூற்றுக்கணக்கில் ஒட்டியிருந்தார். அவர் அக்கா தைத்துக்கொண்டிருந்த ஆலை மூடியபோது அள்ளிக்கொண்டு வந்தவையாம். 2005-ல், நாட்டுக்கு இவ்வளவு என்றிருந்த ஆடை ஏற்றுமதி ஒதுக்கீடு முடிந்ததும் இந்தத் தீவில் அப்படி எத்தனையோ கதவுகள் மூடின. எனக்குப் பிடித்தது அதுதான். என் படத்தைவிட என்று கூடச் சொல்லலாம்.

மெட்ரோவில் அம்மாவை அழைத்து வந்தேன். படத்தின் முன் நின்றார். தொப்பியைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார்.

“இந்தக் கத்தி யாருது?”

“உங்களுதுதான்மா.”

“நான் எப்படி கரும்பு வெட்டினேன்? வெட்டினது உங்க அப்பா. நான் களை எடுத்தேன், உரம் போட்டேன். என் கையில பியோஷ்தான் இருந்துச்சு.”

பியோஷ் என்றால் மண்வெட்டி. அம்மா பேசியதெல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். தமிழில் எழுதும்போது அதன் காரம் பாதி போய்விடுகிறது. தோட்டத்துப் பெண்ணின் மகள் நான், சுற்றுலா அட்டையைப் பார்த்து வரைந்தவள் மாதிரி கத்தியைக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு தலைப்பை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

“என்ன தேர்வு? முழங்கால் போயிடுச்சு, கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா போடல. அஞ்சு வருஷத்துல ஐரோப்பா சர்க்கரை விலையைக் குறைச்சாங்க, அடுத்த தடவை அவங்களும் போட்டாங்க.”

2006-ல் தொடங்கி, நான்கு ஆண்டுகளில் 36 சதவீதம் குறைந்தது. அந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரியாது. அந்த அக்காவின் முகம் தெரியும்.

படம் விற்கவில்லை. இப்போது என் அறையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. கத்தியைச் சுரண்டியாகிவிட்டது. மண்வெட்டியை எந்தக் கையால் எப்படிப் பிடிப்பார் என்று கேட்டேன். கொல்லைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார், நான் பென்சில் தேடிக்கொண்டிருக்கிறேன்.