வியாழக்கிழமை நீல மாத்திரை

பள்ளியில் எனக்கு இரண்டு வேலை. சம்பளம் வாங்குவது பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுப்பதற்கு. சம்பளமில்லாதது, வியாழக்கிழமைதோறும் சத்து மாத்திரை கொடுப்பது. அரசு அனுப்பும் நீல நிற மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். 10 வயது முதல் 19 வரை வாரத்துக்கு ஒன்று. கொடுத்ததும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். என் பதிவேட்டின்படி எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் விழுங்கிவிட்டார்கள்.

போன வருஷம் ஒருநாள், பந்து எடுக்கப் போன ஏழாம் வகுப்புப் பெண் கை நிறைய நீல மாத்திரையோடு வந்து நின்றாள். "மிஸ், பிளஸ் டூ அக்காங்க ஜன்னலுக்குக் கீழே கொட்டிக் கெடக்கு."

திட்டத்தான் போனேன். "குமட்டுது மிஸ்" என்றார்கள். "கருப்பாப் போகுது மிஸ்." ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "இதைப் போட்டா பின்னாடி குழந்தை பொறக்காதாம், எங்க ஆயா சொல்லுச்சு" என்றாள். இரும்பு சாப்பிட்டால் மலம் கறுக்கத்தான் செய்யும், அதனால் ஒன்றும் ஆகாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஆயாவைச் சமாளிக்க இரண்டு வாரம் ஆயிற்று. குமட்டலுக்குத்தான் பதில் இல்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். 38 பேரில் 21 பேர் வெறும் டீ. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அம்மா அதற்கு முன்பே களையெடுக்கப் போயிருப்பார். வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட்டால் குமட்டும், டீ அந்த இரும்பை உடம்பில் சரியாகச் சேரவும் விடாது. இதையெல்லாம் பாடமாக நடத்துகிறவள்தான், எனக்குத் தோதான நேரம் என்று இரண்டாவது பீரியடில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மதியம் சாப்பிட்ட பிறகு கொடுக்கலாம் என்றால் அங்கே இன்னொரு சிக்கல். சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. 2022-ல் மதுரையில் தொடங்கி, அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு ஐந்தாம் வகுப்போடு சரி. தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். என் கண்ணெதிரே பல கல்யாணங்களைத் தள்ளிப்போட்ட பணம் அது. ஆக, பத்து வயது வரை உப்புமா, பதினைந்து வரை மதியச் சோறும் முட்டையும், பதினெட்டு தாண்டினால் ஆயிரம் ரூபாய். நடுவில் இருக்கும் பதினாறு, பதினேழு வயதுக்காரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

மாதவிடாயில் ரத்தம் போகிற வயது, வளர்கிற வயது, பொதுத்தேர்வு வயது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்பிள்ளைகளில் 31. எங்கள் பிரேயரில் மயங்கி விழுந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். நாங்கள் அதுவரை அவளை 'மந்தம்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

இப்போது மாத்திரை மதியம்தான். சத்துணவு அக்கா மீதமாகும் சாதத்தை எங்கள் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார். இது கணக்கில் வராது, நானும் எழுதப்போவதில்லை. வாசலில் நெல்லிக்காய் விற்கும் பாட்டியிடம் சீசனில் வியாழன்தோறும் அரைக் கிலோ வாங்குகிறேன். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர வைக்கும். உப்பு, மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தால் மாத்திரை போனதே தெரியாது.

போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காலை உணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கேட்டுத் தீர்மானம் எழுதினோம். "அவ்ளோ பெரிய பிள்ளைங்களுக்கு உப்புமாவா?" என்று ஒரு அப்பா சிரித்தார். பக்கத்தில் இருந்த அம்மா அவரிடம் பேனாவை நீட்டி, "மொதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றார்.