வீசம் அங்குலத்துக்கு வந்த வம்பு

மதினி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அண்ணன் முதலில் பீரோவைப் பூட்டினார். பயனில்லை. அதற்குள் பழைய சுங்குடிச் சேலைகள் நான்கு, கத்தரிக்கு இரையாகியிருந்தன.

"2005இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடியை இப்படிக் கண்டதுண்டமாக நறுக்கலாமா?" என்றார் அண்ணன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பேச்சில் ஓர் ஆண்டாவது வராமல் இருக்காது.

"முந்தானை கிழிந்த சேலைக்குக் குறியீடு ஒன்றுதான் குறைச்சல்" என்றார் மதினி. பிறக்கப் போகும் பேரப்பிள்ளைக்குப் போர்வை என்றபின் யார் எதிர்த்துப் பேசுவது?

ஒன்றரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாகச் சேர்த்தால் ஒரு கட்டம். ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போகும் என்பதால், சேர்த்து முடித்த கட்டம் மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். மதினியின் கட்டங்களில் ஒன்று மூன்றரை, இன்னொன்று மூன்றேகால், வேறொன்று ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் இதுவும். திருநகரில் மதினி கையால் ரவிக்கை தைத்துக்கொள்ளக் கல்யாண வீட்டார் காத்துக் கிடப்பார்கள். ஆனால் ரவிக்கையில் உள்ளே துணி விட்டிருப்பார்கள். போதாவிட்டால் பிரித்துவிட்டுக் கொள்ளலாம், அதற்கும் மேல் உடம்பு கொஞ்சம் அனுசரித்துப் போகும். சதுரம் அனுசரிக்காது.

பழி முதலில் அளவுகோல்களின் மேல் விழுந்தது. வீட்டிலிருந்தவை அனைத்தும் கூடத்துக்கு வரவழைக்கப்பட்டன. மதினியின் கழுத்தில் தொங்கித் தொங்கி இழுபட்டுப்போன டேப், ஏதோ ஜவுளிக்கடையில் இலவசமாகக் கிடைத்த டேப், நுனி தேய்ந்த பள்ளிக்கூட மர ஸ்கேல், தச்சு வேலைக்கான எஃகு டேப். வரிசையாகப் படுக்க வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு அங்குலம் என்பதில் இரண்டுக்குக்கூட ஒற்றுமை இல்லை. எஃகு டேப்பின் கொக்கி லொடலொடவென்று ஆடியதால் அதைத்தான் முதலில் ஒதுக்கப் பார்த்தேன். அண்ணன் தடுத்தார். அந்த ஆட்டம் கோளாறு அல்லவாம். கொக்கியின் தடிமன் அளவுக்கு அது நகர்ந்து கொடுப்பதால்தான், மாட்டி இழுத்தாலும் முட்டி வைத்தாலும் அளவு ஒன்றாக வருகிறதாம். கடைசியில், எது சரி என்று வழக்காடுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கேல் என்று தீர்ப்பாயிற்று.

அதன்பின் அண்ணன் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஒரு தையலில் ஒரு வீசம் அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துணியிலும் ஒவ்வொரு வீசம் போகும். ஒரு வரிசையில் இரண்டு தையல், ஆக நான்கு வீசம், அதாவது கால் அங்குலம். மூன்றரை மூன்றேகால் ஆனது அப்படித்தான். எட்டுக் கட்டத்தை வரிசையாக வைத்தால் இரண்டு அங்குலம் காணாமல் போகும். "குழந்தையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்" என்று முடித்தார். மதினி அந்தத் தாளை வாங்கி அடுப்பங்கரையில் எண்ணெய் துடைத்தார்.

துணியை ஊசிக்கடியில் அழுத்திப் பிடித்துக் கால் அங்குலத்தில் ஓடும் பிரஷர் ஃபுட் ஒன்று உண்டு என்று எங்கோ பார்த்துவிட்டு என்னை விரட்டினார். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புது மண்டபத்தில் கற்சிலைகளுக்கு நடுவே இருந்த தையல் சாமான் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே கடைக்காரர் ஜிப் வைக்கும் ஃபுட், பைப்பிங் ஃபுட் என்று வகைவகையாகக் காட்டிவிட்டு, "கால் அங்குலம் பிடித்துத் தைத்தால் ரவிக்கை நிற்காது சார்" என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

வெளிநாட்டு மருமகன் உருளும் கத்தி ஒன்றை அனுப்பி வைத்தார். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்த சாமான், பார்க்க பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி இருக்கும். கூடவே கீறல் ஆறிவிடும் விரிப்பும் தடித்த அக்ரிலிக் ஸ்கேலும் வந்தன. வடித்த கஞ்சியில் முக்கி, காயவைத்து, விறைத்து நின்ற சுங்குடியின் மேல் அந்தக் கத்தி ஓடிய அழகைச் சொல்ல வேண்டும். ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. கஞ்சியை வெட்டிய பிறகு போட்டால் சதுரம் கோணிப்போகும், வெட்டுவதற்கு முன்பே போட வேண்டும்.

தைத்த வரிசைகளுக்கு கரிப்பெட்டியின் கனம்தான் சரிப்படும் என்று மதினி எழுபத்திரண்டு துண்டுகளைப் பையில் போட்டு இஸ்திரி வண்டிக்கு என்னை அனுப்பினார். முதல் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் தையல் வலப்பக்கம் மடிய வேண்டும், நடு வரிசைக்கு இடப்பக்கம். அப்போதுதான் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மூலை பிசகாமல் நிற்கும். முக்கியமாக, பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும்.

"தேய்க்கக் கூடாது என்றால் எதற்குத் தேய்க்கக் கொண்டுவந்தீர்கள்?" என்றார் வண்டிக்காரர். பிறகு எண்ணினார். "உருப்படி பத்து ரூபாய். எழுநூற்று இருபது." வேப்பமரத்தடியில் நெடுநேரம் பேரம் பேசி, மொத்தத்தையும் இரண்டு வேட்டிக் கணக்கில் முடித்தோம்.

தையல் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. புது மோட்டார் மிஷினில் ஊசி இறங்கும் துளை அகலம், சதுரத்தின் மூலையை உள்ளே விழுங்கிவிடும். அதனால் அம்மா காலத்துக் கறுப்பு மிதி மிஷினை பரணிலிருந்து இறக்கினோம். ஒற்றைத் துளை, நேர்த்தையல் மட்டும். மதினி அக்ரிலிக் ஸ்கேலை ஊசிக்கடியில் வைத்து, கால் அங்குலக் கோட்டுக்கு நூலிழை உள்ளே ஊசியை இறக்கினார். மடிப்பிலேயே அவ்வளவு துணி போய்விடுமாம். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி, கையில் அகப்பட்ட பழைய பிளாஸ்டிக் அட்டைகளை அடுக்கிப் பசை போட்டு ஒட்டினார், துணி அதில் உரசிக்கொண்டே போக. ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, நடுப்பட்டையை அளந்தார். அச்சாக ஓர் அங்குலம். அன்று இரவு எல்லோருக்கும் கேசரி கிடைத்தது.

ஓய்வூதியம் வரும் நாளில்தான் அண்ணன் ஏடிஎம் கார்டைத் தேடினார். அட்டை அடுக்கில் மேலே இருந்தது அதுதான். பெயர்த்தால் அளவு போய்விடும் என்று மதினி கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் அண்ணன் பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய்ப் படிவம் நிரப்பினார், நானும் துணைக்குப் போனேன். உள்ளே இருந்த பெண் அக்கறையாகக் கேட்டார்: "கார்டு தொலைந்துவிட்டதா சார்? முடக்கிவிடட்டுமா?"

"வேண்டாம் அம்மா" என்றார் அண்ணன். "வேலையில் இருக்கிறது."