பக்கத்தில் நடந்துகொண்டே கேட்பது

ஆலோசனை அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். "சொல்லுங்க" என்றதும் வந்தவருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது. என் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது; பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவோ என்று தயக்கம். "ஒண்ணுமில்ல மேடம், தூக்கம்தான் வரல" என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். சென்னையில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் நான், சிலரைப் பூங்காவுக்கு அழைத்துப்போக ஆரம்பித்தது இதனால்தான்.

நடக்கும்போது இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறோம். பேச்சு நின்றுபோனாலும் உறுத்துவதில்லை. அணில் ஓடுகிறது, செம்போத்து எங்கோ கூவுகிறது, கால்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. ஒரு இளைஞர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அறையில் வாரக்கணக்கில் தூக்கமின்மையைத் தவிர வேறு எதையும் அவர் பேசவில்லை. பூங்காவிலும் முதலில் கைபேசியையே பார்த்துக்கொண்டு வந்தார். நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்து, குடை போல் கவிந்திருந்த பகுதியை விரலால் மெல்லத் தூக்கினார். "அப்பா இப்படித்தான் திறந்து காட்டுவார்." நான் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு சுற்று நடந்தோம். அப்பாவின் கடைசி நாட்களில் தான் ஊரில் இல்லாததை அவரே சொல்ல ஆரம்பித்தார்.

எல்லாம் மரத்தின் மகிமை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏதோ நடக்கிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019-இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்றது. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. ஆனால் ஒரே மூச்சில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை என்று அதில் இருப்பது எனக்கு உதவுகிறது. வேலைக்குப் போகிறவரிடம் "தினமும் 20 நிமிடம் முடியுமா?" என்று கேட்கலாம்.

"அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கூடாது, மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. தற்கொலை எண்ணம் இருப்பவரை நான் பூங்காவுக்குக் கூட்டிப்போவதில்லை. அவருக்கு முதலில் மருத்துவர், தனி அறையில் பேச்சு, கூட ஒரு ஆள். மற்றவர்களிடமும் கிளம்பும் முன்பே பேசிவிடுவேன்: தெரிந்தவர் எதிரே வந்தால் என்ன செய்வது, பேச்சை எப்படி நிறுத்துவது, அழுகை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது. நடைப்பயிற்சிக் கூட்டம் கலைந்த பிறகுதான் போவோம்.

எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. நண்பகலில் பல பூங்காக்களை நெடுங்காலம் பூட்டியே வைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலை முடித்து நிமிரும் பெண்ணுக்குக் கிடைப்பதே அந்த நேரம்தான். திறந்திருந்தாலும் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்தால் நாலு பேர் முறைத்துப் பார்க்கிறார்கள். வெளிக்காற்று மிகவும் தேவைப்படுகிறவருக்கே அது எட்டாமல் போகிறது. அதனால் இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன்: வேப்ப மரம் உள்ள தெரு எது, கோயில் குளத்தைச் சுற்றி நடக்க முடியுமா, மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது. மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் என்றால், அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதிலிருந்தே எங்கள் பேச்சு தொடங்கும்.