ஆன் செய்ததும் எடிட்டர்: பழைய லேப்டாப்பில் செய்து பார்த்தது

பழைய லேப்டாப் ஒன்றை எழுதுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் டெஸ்க்டாப், ஐகான், அறிவிப்பு எதுவும் வரக்கூடாது. நேராக எடிட்டர் திறந்து கர்சர் துடிக்க வேண்டும். 1982இல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி, ஆன் செய்த உடனே பேசிக் என்ற நிரல்மொழியின் திரையில் போய் நிற்கும். அந்த நேரடித்தன்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டெஸ்க்டாப் இல்லாமல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரையும் மவுஸ்பேட் எடிட்டரையும் மட்டும் சேர்த்தேன். தானாக லாகின் ஆவதற்கு, முதல் டெர்மினலில் (எழுத்துத் திரையில்) லாகின் கேட்கும் கெட்டி சேவைக்கு, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் ஒரு சின்ன ஓவர்ரைடு (மாற்றுக் கோப்பு) போதும். அதில் எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை முதலில் வெறுமையாக ஒருமுறை எழுதி, அதன் கீழேதான் ஆட்டோலாகின் சேர்த்த வரியைப் போட வேண்டும். வெற்று வரிதான் பழைய கட்டளையை நீக்குகிறது. அது இல்லாவிட்டால் ஒரு சேவைக்கு இரண்டு கட்டளை என்று சிஸ்டம்டி ஏற்க மறுத்துவிடும்.

லாகின் ஆனதும் ஓடும் பேஷ் ப்ரொஃபைல் கோப்பு, எக்ஸ் சர்வரைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை அழைக்கிறது, அதுவும் முதல் டெர்மினலில் மட்டும். இந்த நிபந்தனையை யாரும் விட்டுவிடாதீர்கள். எடிட்டர் உறைந்து நின்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி இரண்டாவது டெர்மினலுக்குப் போய், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழையலாம். வழி மூடிய கணினியில் நிம்மதியாக எழுத முடியாது.

எடிட்டர் வந்தது, ஆனால் திரையின் இடது மேல் மூலையில் சின்னதாக. சாளரங்களின் இடத்தையும் அளவையும் கவனிக்கும் சாளர மேலாளர் இல்லையென்றால் 'முழுத்திரையாக்கு' என்ற வேண்டுகோளைக் கேட்க ஆளே இல்லை. தட்டச்சும் மவுஸ் அம்புக்குறி எந்தச் சாளரத்தின்மேல் இருக்கிறதோ அதற்குத்தான் போகிறது. அம்புக்குறியைக் கொஞ்சம் வெளியே நகர்த்தினால் எழுத்து விழுவதில்லை. மேட்ச்பாக்ஸ் என்ற சின்ன சாளர மேலாளரைத் தலைப்புப் பட்டை இல்லாமல் ஓடவிட்டதும் இரண்டும் சரியாகிவிட்டன.

அடுத்து தமிழ். இந்த வேலையில் அதிக நேரம் எடுத்தது இதுதான், எடுக்க வேண்டியதும்கூட. எழுத்துரு இல்லாததால் முதலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. லோஹித் தமிழ் போட்டதும் தீர்ந்தது. தட்டச்சுக்கு, விசைகளைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் ஐபஸ் வேண்டும். டெஸ்க்டாப் இருந்தால் அதுவே ஐபஸைச் சத்தமில்லாமல் தொடங்கிவைக்கும். இங்கே எக்ஸ் தொடக்கக் கோப்பில் ஐபஸைப் பயன்படுத்தும்படி நிரல்களுக்குச் சொல்லும் சூழல் மாறிகளை நாமே அறிவித்து, ஐபஸைத் தொடங்கி, அதற்குப் பிறகு எடிட்டரை அழைக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது. எடிட்டருக்குப் பதிலாக ஐபஸ் அமைப்புச் சாளரத்தை ஒருமுறை ஓடவிட்டுத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பயனருக்கு அது அப்படியே நிலைத்துவிட்டது.

எடிட்டரை மூடினால் என்ன ஆக வேண்டும்? ஒழுங்காக மூடினால் நிரல் 0 என்று திருப்பித் தரும். அப்போது கணினியே அணையட்டும் என்று வைத்தேன். வேறு எண் வந்தால் நிரல் முறிந்திருக்கிறது என்று பொருள், அதனால் எடிட்டர் மறுபடி திறக்கும். அணைக்கும் கட்டளை ஒன்றுக்கு மட்டும் சூடோ (நிர்வாகி) அனுமதி. பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கும் பயனருக்கு அதற்குமேல் எதுவும் கொடுப்பது சரியில்லை.

யோசித்துக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போவதை எக்ஸ்செட் கட்டளையால் நிறுத்தியாயிற்று. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனு வழக்கமாக 5 நொடி காத்திருக்கும், அதை 1 ஆக்கினேன். 0 வைக்கவில்லை, மீட்பு முறைக்குப் போக ஒரு இடைவெளி வேண்டும்.

அடுத்து முயல நினைப்பது கேஜ். எக்ஸுக்கு மாற்றான வேலண்டில் ஒரே ஒரு நிரலை முழுத்திரையில் ஓட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. எக்ஸ் சர்வர், மேட்ச்பாக்ஸ் இரண்டின் இடத்தையும் அது ஒன்றே பிடிக்கும். தமிழ்99 அதில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாறுவேன்.