வாடகையோட செலவு முடியாது

பணியாளர்களோட தனி யாட் (சொகுசுப் படகு) வாடகைக்கு எடுக்கிறவங்க முதல்ல கேட்க வேண்டியது, 'ஏபிஏ' எவ்வளவுன்னுதான். டீசல், சாப்பாடு, துறைமுகக் கட்டணத்துக்கான முன்பணம் அது. பெரும்பாலும் வாடகையில் 25 முதல் 35 சதவீதம். கேப்டன் கணக்கு வைப்பார், மிச்சம் திரும்ப வரும். மோட்டார் யாட்னா பணத்தைக் குடிக்கிறது டீசல்தான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே செலவு எகிறும். தினம் மூணு நாலு மணி நேர ஓட்டம் போதும், மீதி நேரம் நங்கூரம் போட்டு நீந்துங்க.

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவுல இருக்கிற ஏஜியன் கடல்ல ஜூலை, ஆகஸ்டில் 'மெல்டெமி'ங்கிற வடகாற்று பலமா அடிக்கும். கேப்டன் பாதையை மாத்தினா தயவுசெஞ்சு வாதாடாதீங்க. கெட்டிப் பெட்டிக்கு கேபின்ல இடம் கிடையாது, மடிக்கிற துணிப்பைதான் சரி. குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுடணும். வாந்தி ஆரம்பிச்சிட்டா மாத்திரை வயித்துல தங்காது.