அல்பேனியரின் இறைநம்பிக்கையும் இறைமறுப்பும்

அல்பேனியா இஸ்லாமிய நாடா, நாத்திக நாடா என்று கேட்பவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மை முஸ்லிம்கள் என்று குறித்தவர்கள் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர். 2011இல் அது 57 விழுக்காட்டை நெருங்கியிருந்தது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர், பெக்தாஷி எனும் இஸ்லாமிய மறைஞான மரபைச் சேர்ந்த சூஃபிகள் ஆகியோரும் அங்கு வாழ்கின்றனர். நாத்திகர் என்று வெளிப்படையாகக் கூறியவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவே.

இந்த எண்களுக்குப் பின்னே ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் என்வர் ஹோஜாவின் அரசு 1967இல் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடி, அவற்றுள் பலவற்றைக் கிடங்குகளாகவும் விளையாட்டரங்குகளாகவும் மாற்றியது. மதகுருமார் பலர் சிறையிலும் கட்டாய உழைப்பு முகாம்களிலும் வாடினர். அரசு எந்த மதத்தையும் ஏற்காது என்று 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பே அறிவித்தது. கொல்கத்தாவில் வாழ்ந்த அல்பேனியரான அன்னை தெரசாவால், அல்பேனியத் தலைநகர் திரானாவில் இருந்த தம் தாயை, அத்தாய் 1972இல் இறக்கும்வரை மீண்டும் காண இயலவில்லை. 1990 நவம்பரில் ஷ்கோடர் நகரின் கல்லறைத் தோட்டத்தில் மக்கள் திரண்டு திருப்பலியில் பங்கேற்ற பின்னரே அச்சம் விலகத் தொடங்கியது.

ஆணையால் திணிக்கப்பட்ட நாத்திகம், சிந்தித்து நாத்திகரானவர்களுக்கும் அநீதி இழைத்தது என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் அவர்களின் முடிவும் அரசின் கட்டளையாகவே பார்க்கப்பட்டது. 2023இல் சுமார் 14 விழுக்காட்டினர் எப்பிரிவையும் சாராத நம்பிக்கையாளர் என்று பதிந்தனர். ஏறக்குறைய 16 விழுக்காட்டினர் விடையே அளிக்கவில்லை. அந்த மௌனத்தை இறைமறுப்பின் கணக்கிலோ இறைநம்பிக்கையின் கணக்கிலோ சேர்க்க எவருக்கும் உரிமையில்லை.